ஒன்றாம் எண் பார்வையாளர்

ராசப்பன் தோப்பு, ஆனைமலை சாலை, பொள்ளாச்சி
2 டிசம்பர் 2024, திங்கள்

அன்புள்ள கீதாவுக்கு,

நம் வீட்டில் கேபிள் இணைப்பு செப்டம்பர் இரண்டாவது வாரமே திரும்ப வந்துவிட்டது. சொன்னவர் கேபிள்காரர் ரசாக். மகள் வீட்டு விசேஷத்துக்காகப் பொள்ளாச்சி வந்தவர் நேற்று மதியம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துத் தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"ஏனுங்க சார், அம்மா வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். அப்பறம் அவங்களே போனு போட்டு, ரசாக்கு, வந்து மாட்டிட்டுப் போன்னாங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"தெரியும், தெரியும்" என்றேன். முப்பத்து நான்கு வருடம் செய்தி சேகரித்தவனுக்குச் சொந்த வீட்டுச் செய்தி மூன்று மாதம் தாமதமாக, அதுவும் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிறது.

ஜூன் முப்பதாம் தேதி காலையில் நீ கேபிளை வெட்டச் சொன்னாய். அன்று சாயங்காலமே நான் இரண்டு பைகளோடு தம்பி ராசப்பனின் தோப்புக்கு வந்துவிட்டேன். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் நடுவில் வைக்க முடியாது. முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் இருந்தவள் ஒரு கடிதத்தைப் பாதியில் போட்டுவிடமாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இங்கே டி.வி. கிடையாது. மாத இதழுக்கு ஒரு கட்டுரை ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்தில் கிரிக்கெட்டை இன்னும் டி.வி.யில் பார்க்கிறவர்கள் யார், விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் விஷயம். போனவர்கள் எங்கே என்பது தோப்பிலேயே தெரிகிறது. போன வாரம் பெர்த் டெஸ்ட் நடந்தபோது தேங்காய் உரிக்க வந்த நான்கு பேரிடமும் நான்கு போன்கள். நான்கிலும் அதே ஆட்டம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஒன்றில் விக்கெட் விழுந்து அரை நிமிடம் கழித்துத்தான் அடுத்ததில் விழுகிறது. முதலில் பார்த்தவன் கத்தினால் மற்ற மூவரும் அடிக்கப் போகிறார்கள்.

"டேய், வாயை மூடுடா! எனக்கு இன்னும் பாலே போடலை!"

தெருவே ஒரே நொடியில் கத்திய காலத்தை நான் எழுதியிருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரசாக்கிடம் அறுநூறு இணைப்புகள் இருந்தன. இப்போது இருநூறுக்குக் கீழே. "டி.வி. எல்லா ஊட்லயும் இருக்குதுங்க சார், கண்ணுதான் போனுக்குப் போயிருச்சு" என்கிறார்.

மார்கழிக்கு முன்பே இங்கே குளிர் வந்துவிட்டது. என் பச்சை ஸ்வெட்டர் பீரோவின் மேல் தட்டில் இருக்கும்.

தம்பிதுரை


பெரியநாயக்கன்பாளையம்
6.12.2024

ஏனுங்க,

கடிதம் இன்றுதான் வந்தது. நம் ஊர் பின்கோடு 641020. நீங்கள் 641002 என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆர்.எஸ்.புரம். உங்கள் கடிதம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாக வந்திருக்கிறது. யார் எந்த வருடம் எந்த மைதானத்தில் எத்தனை ரன் அடித்தான் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள். முப்பது வருடம் குடியிருந்த வீட்டின் ஆறு இலக்கம் நினைவில் நிற்கவில்லை.

கேபிள் போட்டது சீரியலுக்கு. வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று போட்டேன். கிரிக்கெட்டுக்காக என்று நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஜூன் முப்பதை எழுதினீர்கள். இருபத்தொன்பதை எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் ஆபீஸில் எனக்கு வழியனுப்பு விழா. "ஆறு மணிக்குள்ள வந்தர்றேன், அம்மணி" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனீர்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். "சாரு வரலீங்களா?" என்று கேட்டவர்கள் ஏழு பேர். ஆறரை வரை அந்த நாற்காலி காலியாக இருந்தது. அப்புறம் எங்கள் போஸ்ட் மாஸ்டர் அதில் தன் பையை வைத்தார். சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று இருந்தேன். ஆள் இல்லாமல் என்னவென்று சொல்வது?

எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் பிள்ளை ஒருத்தி ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். கழுத்தில் மாலை, மடியில் கடிகாரம். வழியில் டீக்கடையில் இருபது பேர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் திரும்பவில்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டமாம். நீங்கள் வீட்டுக்கு வந்தது பன்னிரண்டரைக்கு. வந்ததும் சொன்னீர்கள், "ஏழு ரன்ல ஜெயிச்சுப்போட்டோம்!" என்று.

அந்த ஏழு ரன்னுக்காகத்தான் கேபிளை வெட்டினேன்.

ஸ்வெட்டரை ரசாக்கிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பாசம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இருமினால் உங்கள் தம்பி சம்சாரம் எனக்குத்தான் போன் போடுவாள்.

கீதா


பொள்ளாச்சி
11 டிசம்பர் 2024, புதன்

அன்புள்ள கீதாவுக்கு,

ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. பையில் ஒரு சுக்குப் பொட்டலமும் இருந்தது. அது ரசாக் வைத்ததாக இருக்கும்.

இருபத்தொன்பதாம் தேதியைப் பற்றி எழுதாமல் இருந்தது தப்பு. எழுதுகிறேன். காந்திபுரத்தில் அந்த டி.வி. ஷோரூம் உனக்குத் தெரியும். பெரிய இறுதி ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் அதன் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களை எண்ணுவது என் வழக்கம். 2011 ஏப்ரலில் முந்நூறு வரை எண்ணினேன், அதற்கு மேல் முடியவில்லை. போலீஸ் வந்து பஸ்ஸுக்கு வழி ஏற்படுத்தியது. இந்த ஜூனில் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். ஒருவர் கடையின் வாட்ச்மேன். இந்தியா ஜெயித்தபோது அந்தத் தெருவில் சத்தமே இல்லை. மாடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. கட்டுரையின் ஆரம்பம் அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

நாலு மணிக்கே ஷோரூம் மேனேஜரிடம் பேசப் போனேன். பேசிவிட்டு உன் விழாவுக்கு வரத்தான் ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் சாலையில் நெரிசல். கவுண்டம்பாளையம் தாண்டவே ஏழாகும் போலிருந்தது. இறங்கித் திரும்பிவிட்டேன். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சென்னையில் விளம்பர நிறுவனத்தில் இருக்கும் நஞ்சுண்டன் ஒரு விவரம் கொடுத்திருக்கிறார். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்க, சில வீடுகளில் டி.வி.யோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டி வைக்கிறார்கள். எந்த வீடு என்பது ரகசியம். ஒரு வீடு ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகப் பேசும். அந்தக் கணக்கில், பெர்த் டெஸ்ட்டைக் காலையில் டி.வி.யில் பார்த்தவர்கள் எல்லா வயதிலும் குறைந்திருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் கோடு மேலே போகிறது. எங்கே தெரியுமா? நம் கொங்கு வட்டாரத்தில், அறுபது தாண்டிய ஆண்களிடம்!

"பெட்டி கம்மிங்கண்ணா, ஒருத்தர் கூடினாலே கோடு துள்ளும். பார்த்து எழுதுங்க" என்றார் நஞ்சுண்டன். பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நினைத்துப் பார். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, என் வயது ஆட்கள் மட்டும் காலையில் எழுந்து டி.வி. முன்னால் உட்காருகிறார்கள். ஆறு மாதத்தில் நான் கேட்ட நல்ல செய்தி இது ஒன்றுதான்.

தம்பிதுரை


பெரியநாயக்கன்பாளையம்
19.12.2024

ஏனுங்க,

பின்கோடு இந்த முறை சரி. சுக்கு வைத்தது ரசாக் என்றால் நன்றியை அவருக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று பிரிஸ்பேன் ஆட்டம் மழையில் முடிந்துபோனது. அஞ்சு நாள் ஆடிவிட்டு யாரும் ஜெயிக்கவில்லை என்று கை குலுக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு நாள் கடையைக் கட்டியிருந்தால் மெமோ வந்திருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தக் கடைசி ஜோடி நின்றார்கள் பாருங்கள், அது நன்றாக இருந்தது. இரண்டு பேரும் பந்து போடுகிறவர்கள். பேட் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். உடனே மறுபடி ஆட வேண்டிய ஃபாலோ ஆன் தப்பித்ததும் ஜெயித்த மாதிரி உள்ளே இருந்தவர்கள் எல்லாம் குதித்தார்கள். ஜெயிக்காமலே இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாளாவது எனக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்களா?

காலை ஐந்து ஐம்பதுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். பால்காரர் வருவதற்கு முன்பே ஒரு விக்கெட் போய்விடுகிறது.

நெரிசலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் தபால் வேன் அன்று ஐந்தே முக்காலுக்கு அதே சாலையில் காந்திபுரத்திலிருந்து வந்தது. நேரம் தவறவில்லை. டிரைவர் விழாவுக்கு வந்து கேசரி சாப்பிட்டார். ஆனாலும் நீங்கள் சொன்னால் சரி.

கீதா


பொள்ளாச்சி
24 டிசம்பர் 2024, செவ்வாய்

அன்புள்ள கீதாவுக்கு,

கட்டுரை நேற்று வெளியான இதழில் வந்திருக்கிறது. பக்கத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்பு ஆசிரியர் போட்டது: "டி.வி.யை விட்டுப் போகாத அறுபதுகள்." முதல் பாராவிலேயே நஞ்சுண்டன் கொடுத்த விவரம் இருக்கிறது. மூன்று பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். பல்லடத்தில் இருந்து ஒருவர், அவருக்கு எழுபத்திரண்டு வயது, "எங்களையும் ஒருத்தன் கணக்குல எடுத்துட்டான்னு சந்தோஷமா இருக்குதுங்க" என்றார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நஞ்சுண்டன் சொன்ன எச்சரிக்கையைச் சேர்க்கவில்லை. ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். பாராவின் ஓட்டத்தை அது தடுத்தது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சீரியலுக்குக் கேபிள் போட்டவளுக்கு ஃபாலோ ஆன் தெரிகிறது, ஆட்டம் தொடங்கும் நிமிடம் தெரிகிறது. முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போது குறுக்கே நடந்து போய் ஜன்னலைச் சாத்தினவள் நீ. நிஜமாக எனக்கு விளங்கவில்லை. எப்போதிருந்து பார்க்கிறாய்? எதற்காகப் பார்க்கிறாய்?

வேன் விஷயத்துக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

தம்பிதுரை


பெரியநாயக்கன்பாளையம்
31.12.2024

ஏனுங்க,

நேற்று மெல்போர்னில் தோற்றார்கள். சாப்பாட்டு நேரம் வரை பிழைத்துவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். கடைசியில் சீட்டுக்கட்டு மாதிரி விழுந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குக் காரணம் மெல்போர்ன் மட்டும் இல்லை.

உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது தப்பு. அந்த அறுபது தாண்டிய ஆண் நீங்கள்தான்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன். செப்டம்பரில் கேபிள் மாட்டிய அடுத்த வாரம் ஹுமேரா என்று ஒரு பெண் வந்தாள். டி.வி. பார்ப்பதை அளக்கிற கம்பெனி. நம் தெருவில் நம் வீட்டைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். நீங்கள் எழுதிய அதே பெட்டி. கூடவே ஒரு சின்ன ரிமோட்டு. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு எண். டி.வி. முன்னால் உட்காரும்போது அவரவர் எண்ணை அமுக்க வேண்டும், எழுந்து போகும்போது மறுபடி அமுக்க வேண்டும்.

"ஊட்ல எத்தன பேருங்கம்மா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு கண்ணு."

"சாரு எங்கீங்க?"

"ஊருக்குப் போயிருக்காரு. வந்துருவாரு."

"பத்திரிகை, டி.வி.ன்னு யாராச்சும் வேலை பாக்கறாங்களா?"

"அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு."

எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டாள். ஒன்றாம் எண் நீங்கள், இரண்டாம் எண் நான். அவள் போன பிறகு டி.வி. போட்டேன். இரண்டை அமுக்கினேன். ஒன்று சும்மா இருந்தது. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. வந்துருவாரு என்று இப்போதுதானே சொன்னோம், இல்லாத ஆள் மாதிரி விடுவானேன் என்று ஒன்றையும் அமுக்கினேன். ஒன்றை அமுக்கிய பிறகு உங்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டாமா? உங்களுக்குச் சீரியல் ஆகாது. கிரிக்கெட்டை வைத்தேன், அது உங்கள் ஆட்டம் என்று இரண்டை அமுக்கி என் எண்ணை எடுத்துவிட்டேன். பெர்த் ஆட்டத்துக்குக் காலை ஏழரைக்கே வைத்துவிட்டுத்தான் இட்லி ஊற்றினேன். வைத்ததைப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது, ஆனாலும் கிரிக்கெட்டுக்கு என் எண்ணை அமுக்கவில்லை.

பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கட்டுரை வந்த பிறகுதான் தோன்றியது. பல்லடத்துப் பெரியவர் சந்தோஷப்பட்டார் என்று படித்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தபால் ஆபீஸில் இருந்த அத்தனை வருடத்தில் ஒரு கடிதத்தில்கூடத் தப்பு முத்திரை போட்டவள் இல்லை நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி வந்ததில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் பார்ப்பதை எங்கேயோ யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்று. சிரிக்காதீர்கள். அந்த நாற்காலியில் பை வைத்த நாளுக்குப் பிறகு எனக்கு அது வேண்டியிருந்தது.

இப்போது என்ன செய்வது என்று சொல்லுங்கள். உங்கள் பேர் கெடும் என்றால் யாரிடம் வேண்டுமானாலும் வந்து ஒத்துக்கொள்கிறேன்.

கீதா


பொள்ளாச்சி
6 ஜனவரி 2025, திங்கள்

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் வந்தது. நான்கு நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். நேற்று சிட்னியும் போய் தொடரும் முடிந்துவிட்டது. இனிச் சாக்கு இல்லை.

முதலில் கட்டுரை. வெள்ளிக்கிழமை நஞ்சுண்டனைக் கூப்பிட்டேன். எந்த வீடு, எப்படித் தெரியும் என்று எதுவும் சொல்லவில்லை. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்க முடியும் என்று மட்டும் கேட்டேன். "அதத்தானுங்கண்ணா அன்னைக்கே சொன்னேன், ஒருத்தரே போதும்னு" என்றார். தப்பு உன்னுடையது அல்ல. நீ ஒரு பொத்தானை அமுக்கினாய். எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு அடித்தவன் நான். எனக்கு அந்தச் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்ட செய்தியைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆசிரியரிடம் பேசிவிட்டேன். அடுத்த இதழில் திருத்தம் வரும். "மிகச் சிறிய எண்ணிக்கையை வைத்து ஒரு வட்டாரத்தையே பற்றிச் சொன்னது தவறு; அந்த விவரத்தை முழுமையாகச் சரிபார்க்கவில்லை; நிருபர் வருந்துகிறார்." இவ்வளவுதான். உன் வீட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பல்லடத்துக்காரரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நாங்க கணக்குல இல்லீங்களா?" என்றார். இல்லை என்று சொன்னேன். "பரவாயில்லீங்க, நான் பாக்கறது நெசம்தானுங்களே" என்றார்.

இரண்டாவது திருத்தம் உனக்கு. பதினொன்றாம் தேதிக் கடிதத்தில் ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன், நெரிசலில் திரும்பினேன் என்று எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. நான் பஸ் ஏறவே இல்லை. நெரிசலும் இல்லை, உன் வேன் டிரைவர் சரி. ஷோரூம் மேனேஜரிடம் பேச ஆரம்பித்தேன். பழைய ஆட்டங்கள், பழைய கூட்டங்கள் என்று பேச்சு நீண்டது. உன் விழாவை மறந்துவிட்டேன். ஒன்பதரை மணி இருக்கும், இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்குவதற்கு முன்னால்தான் நினைவு வந்தது. அப்போதாவது கிளம்பியிருக்கலாம். இனிப் போய் என்ன ஆகப்போகிறது என்று நின்று முழுவதும் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேனே, அது மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் கத்தியது. வருந்துகிறேன் என்பதை இதழில் எழுதியது போல எழுத வரவில்லை. நீ ஏழு பேருக்குப் பதில் சொன்ன சாயங்காலம் நான் பதினோரு பேரை எண்ணிக்கொண்டிருந்தேன், கீதா.

கேபிளை வெட்டினாய் என்று கோபித்துக்கொண்டு வந்தேன் என்பதும் பாதிதான். நீ கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து வந்தேன்.

மூன்றாவது, பெட்டி. ஒன்றாம் எண்ணை இனி அமுக்காதே. ஹுமேராவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடு. பத்திரிகையில் எழுதுகிறவன் இருக்கும் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கக் கூடாது என்பதுதான் விதி; அதனால்தான் அன்று கேட்டிருக்கிறாள். நான் இங்கே இருந்தால் நீ ஒருத்தியாக அதை வைத்துக்கொள்ளலாம். அது உனக்கு என்னவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கவில்லை. இன்னொரு வழியும் யோசித்தேன். நான் எழுதுவதை நிறுத்திவிட்டால் பெட்டியும் இருக்கலாம், நானும் வரலாம். இந்தத் திருத்தத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கும் பொருத்தம்தான். எது சரி என்று நீ எழுது. அதன்படி செய்கிறேன்.

தம்பிதுரை


பெரியநாயக்கன்பாளையம்
9.1.2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை நேற்று வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரர், "என்னங்கம்மா, கெட்ட சேதீங்களா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, ஆறு மாசம் லேட்டா வந்த சேதி" என்றேன். "எங்க மேல புகார் எழுதிப்போடாதீங்க" என்று ஓடிவிட்டார்.

மறந்துவிட்டேன் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நெரிசலை நான் ஒரு நாளும் நம்பவில்லை. மறந்ததில் கோபம்தான், அது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நேரில் தீர்த்துக்கொள்கிறேன். பொய்யோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது என்றுதான் தெரியாமல் இருந்தேன்.

ஹுமேராவை இன்று காலை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, நாலு மாசமா சாரு ஊட்லயே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

"பின்ன யாருங்க காலைல எந்திருச்சு டெஸ்ட் மேட்சு பாத்தது?"

"நான்தான்."

"அத ரெண்டாம் நம்பர்ல மட்டும் அமுக்கியிருந்தா உங்க கணக்கே ஏறியிருக்குமேங்கம்மா! அறுபது வயசுப் பொம்பளைங்க டெஸ்ட் மேட்ச் பாக்கறாங்கன்னு ஆபீஸே ஆடியிருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பழைய விவரத்தில் திருத்த முடிந்ததைத் திருத்தச் சொல்லி மேலே எழுதுகிறாளாம். என்னைத் திட்டவில்லை. காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

புதிதாக ஒரு படிவம் கொடுத்தாள். நீங்கள் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். வீட்டில் ஒருவர் என்று எழுதினால் பெட்டி இருக்கும். நீங்கள் எழுதுவதை நிறுத்தினாலும் இருக்கும்.

எழுதுவதை நிறுத்துகிறேன் என்கிறீர்கள். எழுதாத ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காலையில் இருந்து ராத்திரி வரை என் சமையலில் திருத்தம் போடுவீர்கள். ஒரு தப்பு எழுதினீர்கள், அதைத் தப்பு என்றும் எழுதிவிட்டீர்கள். அதோடு விடுங்கள். அடுத்து எழுதுங்கள். பல்லடத்துப் பெரியவரை நேரில் பார்த்து எழுதுங்கள். கணக்கில் ஏறாமல் பார்க்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பெட்டி போகிறதே என்று கொஞ்சம் வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் நானும் உங்களைப் போல நெரிசல் கதை எழுதுகிறேன் என்று ஆகும். ஆனால் நான் பார்ப்பதைக் குறித்துக்கொள்ள இனி வீட்டிலேயே ஆள் இருக்கட்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்கிறபோது பதில் சொல்லிக்கொண்டு, ஜன்னலை நான் எப்போது சாத்தினாலும் பேசாமல் பார்க்க வேண்டும்.

படிவத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: வீட்டில் வசிப்பவர்கள் இருவர். ஒருவர் ஓய்வு பெற்ற தபால் ஊழியர். ஒருவர் நிருபர், பணியில் இருக்கிறார்.

பெட்டியைக் கழற்ற ஆள் வருவது திங்கட்கிழமை, ஜனவரி 13, காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள். ஹுமேரா உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். அன்று போகி, சாயங்காலம் காப்புக்கட்டு. வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வாங்கி வைத்துவிடுவேன். கொத்தாகக் கட்டிச் செருக வாசல் நிலை எனக்கு எட்டாது, ஸ்டூல் போட்டு ஏற இப்போது முட்டி ஒத்துக்கொள்வதில்லை.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்பது மட்டும் உங்கள் கடிதம் எதிலும் இல்லை. ஆறு மணிக்குள் காப்புக் கட்ட வேண்டும். ஆறரை வரை பார்ப்பேன்.

கீதா